இரண்டு வாளி நல்ல தண்ணீர்

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை எனக்கு வண்டி ஓட்ட நேரமே இருக்காது. மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மண்டபத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு அந்த 61 நாள்தான் அறுவடை. வளைந்த ஷாஃப்ட் வரும், தேய்ந்த புஷ் வரும், மரை போன போல்ட்டு சாக்குச் சாக்காக வரும். தடை முடிவதற்குள் எல்லாப் படகுக்காரர்களுக்கும் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும். ராத்திரி 11 மணிக்கும் லேத் ஓடிக்கொண்டிருக்கும். புல்லட் மட்டும் பட்டறை மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கும். நடுவில் டீ குடிக்கும்போது போய் டேங்கைத் தொட்டுவிட்டு வருவேன்.

இந்த வருஷம் தடை முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாக்கை எடுத்தேன். ஹேண்டில்பார், ஹெட்லைட் வளையம், முன் மட்கார்டைப் பிடிக்கும் கம்பி எல்லாவற்றிலும் செம்மண் தூவியது போலத் துரு. ஓட்டவே ஓட்டாத வண்டி, கூரைக்குக் கீழே நின்ற வண்டி! அப்புறம்தான் புரிந்தது. சாக்கு காற்றில் வருகிற உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, இரண்டு மாதமாக வண்டிக்கு ஈரத்துணி போட்டது போல ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கடற்கரை ஊரில் வண்டியை மூடி வைப்பதைவிட, காற்றோட்டமாக நிறுத்தி, எண்ணெய்த் துணியால் வாரம் ஒரு தடவை துடைப்பது எவ்வளவோ மேல். எங்கள் பக்கம் வண்டி வைத்திருக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1986 மாடல் புல்லட் 350. பெரியப்பா புதிதாக வாங்கியது. வார்ப்பிரும்பு சிலிண்டர், 346 சிசி. சிலிண்டரின் உள் அகலம், அதாவது போர், 70 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக் 90. அகலத்தைவிட பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம் இவ்வளவு அதிகமாக இருப்பதால்தான் அந்த எஞ்சின் அவசரப்படாமல் அடிக்கிறது. லேத்தில் நிற்கிற எனக்கு இந்த இரண்டு எண்ணையும் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பதே ஒரு சுகம். கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். மேலே ஒன்று, கீழே மூன்று. கிக்கரை உதைப்பதற்கு முன்னால் அம்மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும். சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றை வெளியே விடுகிற டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் முழு மிதி. புது வண்டி ஓட்டிப் பழகியவர்கள் இதில் ஏறினால் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்துவிடுவார்கள். அதனால் நான் யாருக்கும் சாவி கொடுப்பதில்லை.

பெரியப்பா இந்த வண்டியை வாங்கும்போது பாம்பனுக்குச் சாலைப் பாலம் கிடையாது. 1914-லிருந்து ரயில் பாலம் ஒன்றுதான். மண்டபத்தில் வீடு, கண்ணுக்கு எதிரே தீவு, கையில் புது வண்டி. ஆனால் அதில் ஏறி ராமேசுவரம் போக வழியில்லை. 1988 அக்டோபர் 2-ஆம் தேதி சாலைப் பாலம் திறந்த பிறகுதான் வண்டி தீவுக்குள் போனது. அந்த வாரம் பெரியம்மாவைப் பின்னால் உட்கார வைத்துப் போய், அக்னி தீர்த்தத்தில் குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு வந்ததைச் சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். 1964 டிசம்பர் புயலில் அழிந்துபோன தனுஷ்கோடிக்கு அப்போதும் தார்ச்சாலை இல்லை. மணலில் வேன்தான் போகும். தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் சாலை போட்டுத் திறந்தது 2017-இல். அந்த வருஷம் பெரியப்பா இல்லை. வண்டியை நான்தான் அங்கே ஓட்டிக்கொண்டு போனேன். ராமேசுவரத்துக்குப் போக இரண்டு வருஷம், அரிச்சல்முனைக்குப் போக 31 வருஷம் காத்திருந்த வண்டி இது. அன்றைக்கு முனையில் எஞ்சினை அணைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே ரொம்ப நேரம் மணலில் உட்கார்ந்திருந்தேன்.

சரி, உப்புக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

வண்டி என் கைக்கு வந்த புதிதில் ஞாயிறுதோறும் கழுவுவேன். வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்து, ஷாம்பு போட்டு, மறுபடியும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, வெயிலில் நிறுத்திவிடுவேன். இவ்வளவு கவனித்தும் ஸ்போக் துருப்பிடித்தது, சைலன்சர் பொரிந்தது, கிரான்க் கேஸ் அலுமினியத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. ராமநாதபுரத்தில் பழைய புல்லட் வேலை மட்டுமே பார்க்கிற மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். அவரிடம் கொண்டுபோய், "வாராவாரம் கழுவுறேன் பாய், எப்படித் துருப்பிடிக்குது?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பின் மட்கார்டுக்கு அடியில் விரலை விட்டு ஒரு இழுப்பு இழுத்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். "நீயும் வச்சுப் பாரு" என்றார். வைத்தேன். உப்புக் கரித்தது.

"இது கடல் உப்பு இல்ல தம்பி, உன் வீட்டுக் கெணத்து உப்பு. வாராவாரம் நீயே ஊத்திருக்க."

எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தினமும் படகில் பார்க்கிற விஷயம் அது. படகின் அடியில் புரொப்பல்லருக்குப் பக்கத்தில் துத்தநாகக் கட்டை வைத்திருப்பார்கள். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் சேர்ந்து நின்றால் ஒன்று மற்றொன்றுக்காகத் தன்னைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரும்பும் வெண்கலமும் தப்பிக்கத் துத்தநாகத்தைப் பலி கொடுக்கிறோம். அந்தக் கட்டைகளை எத்தனை தடவை மாற்றியிருப்பேன்! என் வண்டியிலும் அதுதான் நடக்கிறது என்று தோன்றவே இல்லை. அலுமினியக் கேஸில் இரும்புப் போல்ட் ஏறியிருக்கிறது, நடுவில் உப்புத் தண்ணீர். வெள்ளையாகப் பூக்காமல் என்ன செய்யும்? உப்பு காய்ந்துவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. ராத்திரிக் காற்றில் இருக்கிற ஈரத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். காலையில் வண்டியைத் தொட்டால் பிசுபிசுக்கிறதே, அது பனி மட்டும் இல்லை.

அப்படியானால் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். எங்கள் மாவட்டத்தில் அதுதான் பெரிய விஷயம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் தெருவே குடத்தோடு நிற்கும். வராத நாளில் வண்டித் தண்ணீர், குடம் 10 ரூபாய். அந்தத் தண்ணீரில் ஒரு குடத்தை எடுத்து நான் சக்கரத்தில் ஊற்றியதை அம்மா பார்த்துவிட்டார்.

"குடிக்கிற தண்ணிய எடுத்து வண்டிக்கு ஊத்துறியே, இது அடுக்குமாடா? எத்தனை வீட்டுல கொடத்தோட நிக்கிறாக?"

அம்மா சொன்னது முழுக்கச் சரி. தண்ணீருக்காக மூன்று மைல் நடந்து பழகியவர் அவர். அதற்குப் பிறகு குடத்துத் தண்ணீரை நான் தொடவில்லை. கொஞ்ச நாள் நனைத்த துணியால் துடைத்து மட்டும் ஒப்பேற்றினேன். ஆனால் துணி போகாத இடத்தில்தானே உப்பு உட்கார்ந்திருக்கிறது.

வழி பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தது. பக்கத்து மொபைல் கடையில் ஏசி ஓடும். அதன் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வெளியே போய்க்கொண்டிருக்கும். காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்து விழுகிற தண்ணீர் அது, மழைத் தண்ணீர் மாதிரி. உப்பு கிடையாது. பாய் சொல்லிக்கொடுத்தபடி நாக்கில் வைத்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. கடைக்காரத் தம்பியிடம் கேட்டு ஒரு வாளியைக் கீழே வைத்தேன். எங்கள் ஊர்ப் புழுக்கத்துக்கு சாயங்காலத்துக்குள் வாளி நிரம்பி வழிந்தது. இப்போது இரண்டு வாளி. கடல் ஓரம் போய்வந்தால் அன்றைக்கே, எஞ்சின் சூடு ஆறியதும், மேலிருந்து கீழாக மெதுவாக ஊற்றுவேன். மட்கார்டு உள்பக்கம், ஸ்போக் ரிம்மைத் தொடுகிற நிப்பிள், ஸ்டாண்டு முனை, ஃபோர்க் அடிப்பகுதி. வேகமாக அடிக்கிற பம்ப் தேவையில்லை. அது உப்பைப் பேரிங்குக்குள் தள்ளிவிடும். அப்புறம் துணி, அப்புறம் செயினுக்கு 90 நம்பர் கியர் ஆயில். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் வண்டியை வெளியே தள்ளி மழையிலேயே விட்டுவிடுவேன். பார்க்கிறவர்கள் பதறுவார்கள். வாடைக் காற்றோடு வருகிற அந்த மழைதான் வருஷத்துக்கு ஒருமுறை வண்டிக்குக் கிடைக்கிற எண்ணெய்க் குளியல்.

ஜூனுக்குத் திரும்புகிறேன். தடை முடிகிற நேரம், தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்றுக்கு உச்சம். எனக்கு ரொம்பப் பிடித்த நேரமும் அதுதான். ஆனால் பாம்பன் பாலத்தில் கச்சானை அறியாதவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். ராமேசுவரம் நோக்கிப் போகும்போது காற்று உங்கள் வலது பக்கத்திலிருந்து அடிக்கும். விழாமல் இருக்க வண்டியை வலது பக்கம் சாய்த்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். எதிரே ஒரு பஸ் வந்து உங்களைக் கடக்கும்போது அது அந்தக் காற்றைச் சட்டென்று மறைத்துவிடும். சாய்த்த சாய்வு அப்படியே இருக்கும், தாங்கிய காற்று இருக்காது. வண்டி தானாகவே பஸ் பக்கம் இழுக்கும். பஸ் கடந்ததும் காற்று மறுபடியும் அறையும். அதனால் எதிரே பெரிய வண்டியைக் கண்டதுமே வேகத்தைக் குறைத்து, இடது ஓரத்தை ஒட்டி, கையை இறுக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். இறுக்கிப் பிடித்தவர்கள்தான் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். படம் எடுக்க நடுப்பாலத்தில் நிறுத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து வேண்டாம். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம் பார்க்க அழகுதான். பாம்பன் பக்கம் இறங்கி, கரையிலிருந்து நின்று நிதானமாகப் பாருங்கள்.

அரிச்சல்முனைச் சாலையில் கச்சான் வேறு வேலை செய்யும். தென்கடல் மணலைத் தூக்கி வந்து தார் மேல் பாய் விரித்தது போலப் பரப்பிவிடும். மணல் மேல் முன் பிரேக் தொடவே கூடாது. கைப்பிடியைத் திருகவும் கூடாது, விடவும் கூடாது. அதே வேகத்தில் நேராகப் போக வேண்டும். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து போவோம். ஒரு ஆர்எக்ஸ் 100, இரண்டு ஸ்ப்ளெண்டர், ஒரு யூனிகார்ன், என் புல்லட். ஆர்எக்ஸ் வைத்திருக்கிற மாப்ளதான் எப்போதும் முன்னால். அவன் கையைத் தூக்கினால் மணல் வருகிறது என்று அர்த்தம். அவன் பின்னால் வரிசையாக, ஒரே சத்தத்தில், இரண்டு பக்கமும் கடல் வைத்துக்கொண்டு போகிற அந்த நேரத்துக்காகத்தான் 61 நாள் காத்திருக்கிறேன்.

ஆனால் வண்டியைப் பற்றி எனக்குக் கற்றுக்கொடுத்த ஆள் இந்த ஐந்து பேரில் இல்லை. அவர் எக்ஸ்எல் ஓட்டுகிற மீன்காரர்.

போன மாசியில் நடந்தது. மதுரையில் பேரிங்கும் வெண்கலக் கம்பியும் வாங்கிவிட்டு, ராத்திரி ராமநாதபுரத்தில் அக்கா வீட்டில் தங்கினேன். காலையில் பட்டறை திறக்க வேண்டும் என்று 4 மணிக்கே கிளம்பிவிட்டேன். உச்சிப்புளி தாண்டி, பிரப்பன்வலசை வருவதற்குள் வண்டி ஒரு வெடி வெடித்தது, இரண்டாவது வெடி, அப்புறம் அமைதி. இருட்டு. இரண்டு பக்கமும் பனையும் கருவேலமும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பிளக்குக்குப் பொறி கிடைக்கத் திறந்து மூடுகிற பாயின்ட்டின் மூடியைக் கழற்றினேன். முனை கருகியிருந்தது. தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தைக் கிழித்து நடுவில் விட்டுத் தேய்த்தேன். மணிபர்ஸில் இருந்த விசிட்டிங் கார்டை வைத்து இடைவெளி பார்த்தேன். உதைத்தால் பிளக்கில் மஞ்சளாக ஒரு சின்னப் பொறி, பாயின்ட்டில் மட்டும் நீலமாகப் பெரிய பொறி. பாயின்ட்டைக் கருகாமல் காக்கிற கண்டன்சர் போய்விட்டது. மாற்று கையில் இல்லை. இரும்புச் சாமான் மட்டும் 30 கிலோ பின்னால் கட்டியிருந்தது.

மீன் வாங்கப் போகிற எக்ஸ்எல்கள் அந்த நேரத்தில்தான் மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் போகும். வாலாந்தரவைப் பக்கம் கிராமங்களிலிருந்து வருவார்கள். ஏலம் முடிவதற்குள் கரையில் நிற்க வேண்டும் என்பதால் யாரும் நின்று பேச மாட்டார்கள். மூன்று வண்டிகள் போயின. நானும் கை காட்டவில்லை, அவர்கள் பிழைப்பு தெரியும். நான்காவது வண்டி தாண்டிப் போய், பிரேக் போட்டுத் திரும்பி வந்தது.

"என்ன தம்பி, பெட்ரோலா?"

"இல்லண்ணே, கண்டன்சர். நீங்க போங்க, ஏலம் போயிரும்."

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். பின்னால் இருந்த மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். அதை அவிழ்த்துத் தன் காலிப் பெட்டிக்குள் போட்டார். "உக்காருங்க, ஹேண்டில நேராப் புடிச்சுக்கங்க" என்றார். என் சைலன்சருக்கு மேலே கால் வைக்கிற கம்பியில் தன் இடது காலைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார்.

கியரே இல்லாத 100 சிசி வண்டி. 170 கிலோ புல்லட்டை, என்னையும் சேர்த்து, தன் பெட்டியில் 30 கிலோ இரும்போடு, கச்சிதமாக 20 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளிக்கொண்டு வந்தார். 12 கிலோமீட்டருக்குக் குறையாது. சுந்தரமுடையான், வேதாளை, மரைக்காயர்பட்டினம் என்று ஒவ்வொரு ஊராகக் கடந்தது. நான் திரும்பிப் பார்த்தால் வண்டி ஆடும். அதனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேடு வரும்போது மட்டும் "ம்ம், ம்ம்" என்று எஞ்சினுக்குச் சொல்வது காதில் விழுந்தது. எங்கே வேகம் பிடித்தால் மேட்டில் கைகொடுக்கும், எங்கே விட்டுப்பிடிக்க வேண்டும் என்று அந்தச் சாலையின் ஒவ்வொரு ஏற்றமும் அவருக்குத் தெரிந்திருந்தது. பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தும்போது கிழக்கு வெளுத்திருந்தது.

பணம் எடுத்தேன். கையைப் பிடித்துத் தள்ளிவிட்டார். மூட்டையை இறக்கிவிட்டு ஏலத்துக்கு ஓடினார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். நல்ல மீனெல்லாம் போய், காரலும் சூடையும்தான் கிடைத்திருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். பட்டறைப் படியில் உட்கார்ந்து குடித்தார்.

அப்போதுதான் அவர் வண்டியின் பின் சக்கரத்தைப் பார்த்தேன். வண்டிக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. ரிம் செதில் செதிலாக உரிந்து நின்றது. ஏழெட்டு ஸ்போக் இல்லை. செயின் கவர் அரித்து அடிப்பகுதி காணாமல் போயிருந்தது. மேலே பெட்டியிலிருந்து ஐஸ் உருகிய மீன் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு சொட்டு செயினில், ஒரு சொட்டு ரிம்மில். உப்பும் ரத்தமும் கலந்த தண்ணீர், தினமும் ஆறேழு மணி நேரம்.

"வருசத்துக்கு ஒரு ரிம்மு தம்பி. மாசத்துக்கு நாலு பஞ்சரு. உள்ளுக்குள்ள துரு செதிலு டியூப அறுத்துப்புடும். மீன் ஏவாரம்னா அப்படித்தான்."

என் வண்டிக்கு இரண்டு வாளித் தண்ணீர் தேடி நான் எவ்வளவு யோசித்திருக்கிறேன்! ஞாயிற்றுக்கிழமை கடல் காற்று பட்டதற்கே அத்தனை கவலை. இவர் வண்டி ஒவ்வொரு நாளும் உப்பில் குளிக்கிறது, அதை வைத்துத்தான் வீடு நடக்கிறது. வண்டிப் பிரியர் என்றால் எங்கள் ஐந்து பேரைத்தான் ஊரில் சொல்வார்கள். எஞ்சின் மூச்சை இவ்வளவு தெரிந்து ஓட்டுகிற இந்த மனிதரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

பாயிடம் போனில் சொல்லி, ராமநாதபுரத்திலிருந்து பஸ் டிரைவர் கையில் கண்டன்சர் வந்து சேர்ந்தபோது மணி 10. பத்து நிமிஷத்தில் புல்லட் ஓடிவிட்டது. அன்று முழுக்க என் மனது அந்தப் பின் சக்கரத்திலேயே இருந்தது.

முதலில் ஒரு எவர்சில்வர் தட்டு அடித்தேன். பெட்டிக்கு அடியில் வைக்கிற மாதிரி, நான்கு பக்கமும் ஒரு அங்குல விளிம்பு, ஓரத்தில் ஒரு துளை, அதிலிருந்து குழாய். மீன்கார அண்ணன் ஒரு வாரம் ஓட்டிவிட்டு வந்து, "வெயிட்டு தம்பி, அந்த வெயிட்டுக்கு நாலு கிலோ மீன் ஏத்தலாம்" என்றார். பிரேக் போட்டால் தண்ணீர் அலையடித்து விளிம்பைத் தாண்டி செயின் மேலேயே விழுகிறது என்றும் சொன்னார். இரண்டும் நான் யோசிக்காதவை.

இரண்டாவது தடவை நீலப் பிளாஸ்டிக் பேரலை வெட்டினேன். பழைய பேரல் எங்கள் ஊரில் மலிவு. துருவே பிடிக்காது. கனமும் இல்லை. பேரலின் இயற்கையான வளைவை அப்படியே தொட்டியாக விட்டுவிட்டேன். நடுவில் குறுக்காக இரண்டு தடுப்பு வைத்து, ஹாட் ஏர் கன்னால் சூடாக்கி ஒட்டினேன். அலை அடங்கிவிட்டது. செயின் இல்லாத பக்கம் சற்றுச் சரிவு. துளையில் அரை அங்குலப் பச்சைக் குழாய்.

குழாயை முதலில் தரைக்கு விட்டிருந்தேன். அதைத் தப்பு என்று சொன்னவன் ஆர்எக்ஸ் மாப்ள. வளைவில் மீன் தண்ணீர் கொட்டியிருந்தால் பின்னால் வருகிற இரண்டு சக்கர வண்டிக்கு அது எண்ணெய் மாதிரி. மீன் லாரி ஒழுக்கிவிட்டுப் போன தண்ணீரில் அவன் ஒருதரம் விழுந்து முழங்கை உடைந்தவன். அதனால் குழாயின் முனையை 5 லிட்டர் ஆயில் கேனுக்குள் விட்டு, கேனைப் பக்கத்துக் கொக்கியில் மாட்டினேன். நிரம்பினால் ஊர் தாண்டி ஓரமாகக் கொட்டிவிடலாம். சக்கரத்துக்குப் புது ரிம் போட்டு, உள்பக்கம் முழுக்க கிரீஸ் தடவி, அதன் மேல் பழைய டியூபை வெட்டிப் பட்டையாகச் சுற்றி டயர் ஏற்றிக் கொடுத்தேன்.

அது ஆடி மாதம். இதை எழுதும் இன்று வரைக்கும் அந்த ரிம்மில் ஒரு பொட்டுத் துரு இல்லை. பஞ்சர் இரண்டே தடவை, இரண்டும் கருவேல முள்.

அவரைப் பார்த்து இன்னும் மீன்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் பெட்டியும் ஒவ்வொரு அளவு. சிலர் தெர்மாகோல், சிலர் அலுமினியம், கருவாடு விற்கிற அக்கா ஒருவருக்குக் கூடை. இதுவரை 14 தொட்டி வெட்டியிருக்கிறேன். பேரல் காசு, குழாய்க் காசு மட்டும் வாங்குகிறேன். தடைக்காலத்திலும் நாட்டுப்படகு மீன் வரும் என்பதால் இவர்களுக்கு ஓய்வு கிடையாது. அதனால் ஷாஃப்ட் வேலைக்கு நடுவிலும் ராத்திரி ஒரு தொட்டி வெட்டி வைத்துவிடுவேன். யாருக்காவது அளவு வேண்டுமென்றால் பட்டறைக்கு வாருங்கள், அட்டையில் வெட்டிய மாதிரி வைத்திருக்கிறேன். வீட்டிலேயே செய்து பார்க்கிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தடுப்புச் சுவரின் அடியில் விரல் அளவு இடைவெளி விடுங்கள். முழுக்க மூடினால் தண்ணீர் குழாய்ப் பக்கம் வராது.

தொட்டி வைத்தாலும் சக்கரத்தைக் கழுவத்தான் வேண்டும். கரையில் கிடைப்பது கடல் தண்ணீர், அண்ணன் ஊரில் கிடைப்பது உப்புக் கிணறு. போன மாதத்திலிருந்து ஒரு ஏற்பாடு. சாயங்காலம் ஏசித் தண்ணீரை இரண்டு 5 லிட்டர் கேனில் ஊற்றிப் பட்டறை வாசலில் வைத்துவிடுவேன். விடிகாலை மீன் எடுத்துக்கொண்டு போகிற வழியில் அண்ணன் நிரம்பிய கேனை மாட்டிக்கொண்டு, முந்தின நாள் கேனைக் காலியாக வைத்துவிட்டுப் போவார். வியாபாரம் முடிந்து வீட்டுக்குப் போனதும் சக்கரத்துக்கு. என் புல்லட்டுக்கு இப்போது ஒரு வாளிதான். ஒரு வாளியில் எங்கெங்கே ஊற்றினால் போதும் என்று பழகிவிட்டேன்.

பட்டறைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. சில நாள் காலியான கேன் பக்கத்தில் தாமரை இலையிலோ பழைய பேப்பரிலோ நாலு சூடை இருக்கும். அம்மாதான் முதலில் எழுந்து அதை எடுப்பார். நேற்று ராத்திரி நான் களைத்துப்போய்ப் படுத்துவிட்டேன். அம்மா வந்து காலைத் தட்டி எழுப்பினார்.

"ஏப்பா, அந்த அண்ணனுக்குத் தண்ணி மாத்தி வச்சியா?"